உதடு தைத்தாயிற்று, பல் எங்கே?

பேராதனை பல் போதனா வைத்தியசாலையில் நம்பர் எடுத்துவிட்டு வாங்கில் இருந்தால் மூன்று விதத் தமிழ் காதில் விழும். ஒன்று கல்முனைப் பக்கத்து முஸ்லிம் தாய்மாருடையது, ஒன்று எங்கள் காரைதீவுத் தமிழ், மற்றது தோட்டத்துத் தமிழ். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் மட்டும் ஒரே மாதிரி: மேலுதட்டில் தையல் தழும்பு, முன்பல் வரிசையில் ஒரு வெளி.

மஸ்கெலியாவில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆறு வருடம் படிப்பித்துவிட்டு ஊருக்கு மாற்றலாகி வந்தவன் நான். என் மகளும் உதட்டுப் பிளவோடும் அண்ணப் பிளவோடும் பிறந்தவள். காரைதீவிலிருந்து அம்பாறை, மகியங்கனை, பதினெட்டு வளைவு என்று பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு அந்த வாங்குக்குப் போய் வருகிறேன். அங்கே ஒருநாள் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தியைக் கண்டேன். வயது பதின்மூன்று. எட்டு வயதில் வரச் சொன்ன பிள்ளை. "அப்ப வர முடியல சார், வந்தா பேர் போயிரும்" என்றார் அவளுடைய அம்மா.

அந்த ஐந்து வருடத்தில் என்ன போயிற்று என்பதை நம் ஆட்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

தாயின் வயிற்றில் ஆறு ஏழு வாரத்தில் கூட வேண்டிய மேலுதடு கூடாமல் விட்டால் பிளவு வருகிறது. கிரகணத்தன்று கத்தி பிடித்ததால் வந்தது என்று மாமியார்மார் சொல்வது வெறும் கதை. அந்தக் கதையால் அழுத தாய்மார்தான் மிச்சம். பிளவு பல நேரம் முரசு எலும்பையும் பிளந்துகொண்டு போகும். இரண்டு பெரிய முன்பற்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெட்டும்பல் இருக்கிறதே, அதன் முளை உருவாகும் இடமும் அதுதான். ஆகவே பிளவுள்ள பக்கத்தில் அந்தப் பல் முளைக்காமலே போவது மிகச் சாதாரணம். சிலருக்குக் கோணலாக வரும், சிலருக்கு ஒன்றுக்கு இரண்டாக வரும். யாரும் பிடுங்கியதில்லை, தாய் பால் கொடுத்த விதத்தாலும் வந்ததில்லை.

பல் இல்லாததைவிட, அதற்குக் கீழே எலும்பு இல்லாததுதான் பெரிய விஷயம். எட்டு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் இடையில், வேட்டைப்பல் இறங்குவதற்கு முன், இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அந்த இடைவெளியில் வைப்பார்கள். வேட்டைப்பல் அந்தப் புது எலும்புக்குள்ளால் இறங்கி வரும். பிறகு கம்பி போட்டு அதையே இல்லாத பல்லின் இடத்துக்கு நகர்த்தலாம். அல்லது வெளியை அப்படியே விட்டு, வளர்ந்த பிறகு கட்டுப்பல் வைக்கலாம். பிந்திப் போனாலும் வைத்தியர்கள் கைவிட மாட்டார்கள், ஆனால் பலன் குறையும். என் மாணவிக்கு வேட்டைப்பல் எலும்பில்லாத பக்கத்தில் சரிந்து நிற்கிறது.

உதடு தைத்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பதுதான் நம்மிடம் உள்ள பிழை. 1980களில் லண்டனிலிருந்து மைக்கேல் மார்ஸ் என்ற பல் வைத்தியரும் அவருடைய குழுவும் இலங்கைக்கு வந்து, சத்திரசிகிச்சையே இல்லாமல் ஆளாகிவிட்ட பலரைப் பரிசோதித்தார்கள். 1990இல் அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை, அப்படிப்பட்டவர்களின் மேல்தாடை நன்றாக வளரக்கூடியது என்று காட்டியது. மேல்தாடை பின்னுக்கு நிற்பதற்குச் சிறுவயதுச் சத்திரசிகிச்சையின் தழும்பும் ஒரு காரணம் என்பது அதிலிருந்து உலகத்துக்கு விளங்கியது. அதற்காகச் சத்திரசிகிச்சை வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பேச்சும் சாப்பாடும் அதனால்தான் வருகின்றன. தைத்த பிள்ளையை வளர்ச்சி முடியும் வரை, பதினெட்டு வயது வரையாவது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். இந்த நாட்டு ஏழைகளின் முகத்திலிருந்து உலகம் படித்த பாடம், நம்முடைய லயத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் காசில்லை. செலவு முழுக்க வழியில்தான். கம்பி போட்ட பிள்ளையை மாதம் ஒருமுறை காட்டச் சொன்னால் வருடத்துக்குப் பன்னிரண்டு பேர் போகும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாவை வைத்துப் பார்த்தாலே 16,200 ரூபா. பஸ் காசும் சாப்பாடும் வேறு. நான் ஆசிரியர், லீவு எழுதிக் கொடுத்துவிட்டு முழுச் சம்பளத்தோடு போகிறேன். அதே வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருக்கும் கொழுந்தெடுக்கும் தாய்க்கு அந்த நாள் இல்லை. எனக்கு இது கூச்சமாக இருக்கிறது.

சங்கத்திடம் நான் கேட்பது பெரிய விஷயமல்ல. கிளினிக் கொப்பியில் திகதி போட்டிருந்தால், பிள்ளையோடு போகும் தாய்க்கோ தகப்பனுக்கோ அன்றைக்கு முழுப் பேர் போட வேண்டும். துரையோடு பேசும் அடுத்த பேச்சிலேயே இதை வையுங்கள். ஒரு தோட்டத்தில் இப்படி எத்தனை பிள்ளைகள் இருக்கப் போகிறார்கள்? ஒன்று, இரண்டு. நிர்வாகத்துக்கு அது ஒரு செலவே இல்லை.

மாதர் தலைவிமாருக்கும் ஒரு வேலை உண்டு. லயம் லயமாகப் போய், உதடு தைத்த பிள்ளைகளின் பெயரையும் வயதையும் எழுதி வாருங்கள். சீனித் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் படுக்க விடவேண்டாம் என்று தாய்மாரிடம் சொல்லுங்கள். பல்லும் முரசும் பழுதாக இருந்தால் எலும்பு வைப்பது தள்ளிப்போகும். ஏழு, எட்டு வயதுப் பிள்ளை இருந்தால் அந்தப் பெயரை முதலில் எழுதுங்கள்.