தேன்நிலவுக்கு எந்த மலை? கல்யாண மாதம் சொல்லும் பதில்!

கல்யாணம் முடிந்தது. பந்தலைப் பிரித்தாகிவிட்டது. மறுவீடும் விருந்தும் நடக்கின்றன. உடனே ஒரு கேள்வி எழுகிறது.

"எங்கே போகப் போகிறீர்கள்?"

மாப்பிள்ளையின் நண்பர்கள் கேட்கிறார்கள். பெண்ணின் தோழிகள் கேட்கிறார்கள். இப்போது மாமனார், மாமியாரே கேட்கிறார்கள்!

கடலூரிலும் சிதம்பரத்திலும் இந்தக் கேள்விக்குச் சட்டென்று வருகிற பதில் இரண்டுதான். ஒன்று ஊட்டி. இன்னொன்று கொடைக்கானல். கடற்கரை ஊரில் புழுங்கித் தவிப்பவர்களுக்குக் குளிர்ந்த மலை மீது ஆசை வருவது இயற்கை.

ஆனால், நினைத்த நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு மலை ஏறிய காலம் மாறிவிட்டது. எத்தனை வண்டி மலைக்குப் போகலாம் என்று சென்னை ஐகோர்ட்டே கணக்குப் போட்டுச் சொல்லும் நிலைமை வந்தது. புதுமணத் தம்பதிகள் இதைத் தெரிந்துகொள்ளாமல் புறப்பட்டால், பணமும் போகும், பொழுதும் போகும்.

சினிமா தந்த ஆசை

தேன்நிலவு நம் பழைய வழக்கம் அல்ல. புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் உறவினர் வீடுகளுக்கு விருந்துக்குப் போவார்கள். குலதெய்வம் கோவிலுக்குப் போவார்கள். அதோடு சரி.

1961-ம் ஆண்டில் ஸ்ரீதர் டைரக்‌ஷனில் "தேன் நிலவு" படம் வந்தது. ஜெமினி கணேசனும் வைஜெயந்திமாலாவும் நடித்தார்கள். காஷ்மீரில் படம் பிடித்தார்கள். பனியும் ஏரியும் படகும் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் ஓடின. கல்யாணம் என்றால் அதன் பிறகு ஒரு குளிர்ந்த ஊர் என்ற எண்ணம் குடும்பங்களுக்குள் நுழைய இத்தகைய படங்கள் வழி செய்தன.

காஷ்மீர் தூரம். ஊட்டியும் கொடைக்கானலும் பக்கம். ஆகவே எல்லோரும் அங்கே போனார்கள். எல்லோரும் போனதுதான் இப்போது பிரச்சினை!

ஐகோர்ட்டு போட்ட உத்தரவு

கோடைக்காலத்தில் நீலகிரிக்கு ஒரு நாளைக்கு 20 ஆயிரம் வண்டிகள் வரை வருகின்றன என்ற கணக்கு 2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஐகோர்ட்டின் முன் வைக்கப்பட்டது. நீதிபதிகள் கவலை தெரிவித்தார்கள். மலைப்பாதை குறுகியது. ஊர் சிறியது. இத்தனை வண்டிகள் ஏறினால், உள்ளூர்க்காரர் ஆஸ்பத்திரிக்குப் போவது எப்படி? காட்டு விலங்குகள் பாதையைக் கடப்பது எப்படி?

ஆகவே, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகள் "இ-பாஸ்" வாங்க வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. 2024 மே 7-ந் தேதி அது நடைமுறைக்கு வந்தது.

மறு ஆண்டு உத்தரவு இன்னும் இறுகியது. 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை நீலகிரிக்குள் சாதாரண நாட்களில் 6 ஆயிரம் வண்டிகளும், வாரக் கடைசியில் 8 ஆயிரம் வண்டிகளும் மட்டுமே போகலாம் என்று எல்லை கட்டப்பட்டது. கொடைக்கானலுக்கு இந்த எண்ணிக்கை முறையே 4 ஆயிரம், 6 ஆயிரம்.

மலைகள் எத்தனை பேரைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூர் ஐ.ஐ.எம்.முக்கும் கொடுக்கப்பட்டது.

இந்தக் கட்டுப்பாட்டில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதுதான் தம்பதிகளுக்கு முக்கியம். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கும் ரெயிலில் போகிறவர்களுக்கும் பாஸ் தேவை இல்லை என்று வைத்தார்கள். சொந்தக் காருக்கும் வாடகைக் காருக்கும்தான் பாஸ். கார் இல்லையே என்று வருந்துகிற தம்பதிக்கு இது நல்ல செய்தி!

பாஸ் வாங்கப் பணம் கட்ட வேண்டியது இல்லை. வண்டி எண், வருகிற நாள், எத்தனை பேர், எங்கே தங்குகிறார்கள் என்ற விவரங்களை இணையத்தில் பதிவு செய்தால் போதும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். அதனால், விடுதிக்கு முன்பணம் கட்டும் முன்பே, அந்த மாதத்து விதி என்ன என்று கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

குளிர் எங்கிருந்து வருகிறது?

மலையில் ஏன் குளிர்கிறது? கணக்கு எளிது. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால், வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும்.

ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். கொடைக்கானல் சுமார் 2,130 மீட்டர். ஆகவே கடலூரை விட இந்த இரண்டு ஊர்களிலும் 14 டிகிரி அளவுக்கு வெப்பம் குறைவாக இருக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். குறைவது 10 டிகிரி அளவு. ஏலகிரி சுமார் 1,100 மீட்டர். குறைவது 7 டிகிரி அளவு.

இது உயரம் தரும் குளிர். இன்னொரு குளிர் உண்டு. அது மாதம் தரும் குளிர்! தை மாதத்து இரவில் கடலூரிலேயே போர்வை வேண்டியிருக்கிறது. அதே நாட்களில் ஊட்டியில் புல்தரை மீது உறைபனி படியும். காலையில் குழாய்த் தண்ணீரைத் தொட முடியாது.

ஆகவே, "எந்த ஊர்?" என்று முதலில் கேட்பது தவறு. "கல்யாணம் எந்த மாதம்?" என்பதுதான் முதல் கேள்வி.

மாதத்துக்கு ஒரு மலை

தை, மாசி: முகூர்த்தங்கள் நிறைந்த காலம். வானம் தெளிந்திருக்கும். மழை பயம் குறைவு. பொங்கல் விடுமுறை கழிந்தால் மலைகளில் கூட்டமும் குறைவு. அறை வாடகையும் பேசிக் குறைக்கலாம். குளிரைத் தாங்கக்கூடியவர்கள் ஊட்டி போகலாம். தாங்க முடியாதவர்களுக்கு ஏற்காடும் ஏலகிரியும் இதமாக இருக்கும்.

சித்திரை, வைகாசி: கடலூர் கொதிக்கும். மலைக்கு ஓடத் தோன்றும். ஆனால் பள்ளிக்கூட விடுமுறையும் அப்போதுதான். ஊட்டியில் மலர்க்கண்காட்சி நடப்பதும் மே மாதத்தில்தான். கூட்டமும் கட்டுப்பாடும் உச்சத்தில் இருக்கும். தனிமையைத் தேடிப் போன தம்பதி, மலைப்பாதையில் வண்டி வரிசையில் நிற்க நேரும். இந்த மாதங்களில் போக வேண்டுமானால் சனி, ஞாயிறைத் தவிர்க்க வேண்டும். திங்கட்கிழமை ஏறி வியாழக்கிழமை இறங்குவது நல்லது.

ஆனி: ஜூனில் பள்ளிக்கூடங்கள் திறந்துவிடும். கூட்டம் கலையும். ஆனால் தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருக்கும். இந்த மழை மேற்கே கேரளத்துப் பக்கம் கடுமையாகப் பெய்யும். வயநாட்டில் 2024 ஜூலை 30-ந் தேதி நடந்த நிலச்சரிவை யாரும் மறக்க முடியாது. ஆகவே கூடலூர், வயநாடு, மூணாறு பக்கம் இந்த நாட்களில் வேண்டாம். கிழக்கே உள்ள ஏற்காடும் கொல்லிமலையும் தேவலை.

ஆவணி: ஆடி மாதம் முழுவதும் பெண் தாய்வீட்டில் இருந்து, ஆவணியில் கணவன் வீடு திரும்புகிற குடும்பங்கள் உண்டு. பிரிந்திருந்தவர்கள் சேர்ந்து பயணம் போக நல்ல சமயம். சுதந்திர தின விடுமுறை போன்ற நாட்களை விட்டுவிட்டால் மலைகளில் இடம் கிடைக்கும். குடை மட்டும் கையில் இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை: இது வடகிழக்குப் பருவமழைக் காலம். கடலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ந் தேதி வீசிய "தானே" புயலில் முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும் சாய்ந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். 2024 நவம்பர் 30-ந் தேதி "பெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதன் மழை உள்நாட்டுக்கும் போயிற்று. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மேட்டுப்பாளையம்-குன்னூர் மலை ரெயிலும் இந்த மாதங்களில் மண்சரிவால் அடிக்கடி நிற்பது உண்டு. ஆகவே கார்த்திகையில் கல்யாணம் ஆனவர்கள் அவசரப்பட வேண்டாம். மார்கழி கழியட்டும். தையில் போகலாம்.

மூன்று நாள் விடுமுறையும் முன்னூறு மைலும்

இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். கடலூரில் இருந்து ஊட்டிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல். அதாவது 250 மைலுக்குக் குறையாது. சுற்றிப் பார்ப்பதையும் சேர்த்தால் 300 மைல் ஆகிவிடும். போக ஒரு நாள், வர ஒரு நாள். மாப்பிள்ளைக்கு ஐந்து நாள் விடுமுறை என்றால் மிச்சம் மூன்று நாள். மூன்று நாள்தான் விடுமுறை என்றால் மிச்சம் ஒரே நாள்! அந்த ஒரு நாளிலும் ஏரி, பூங்கா, தொட்டபெட்டா என்று ஓடினால் ஓய்வு எங்கே?

ஏற்காடு அப்படி அல்ல. கடலூரில் இருந்து சேலம் சுமார் 200 கிலோமீட்டர். உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சாலை இருக்கிறது. விருத்தாசலத்தில் இருந்து சேலத்துக்கு ரெயில் பாதையும் உண்டு. சேலத்தில் இருந்து மலை ஏற ஒரு மணி நேரம் போதும். ஏரி இருக்கிறது. காப்பித் தோட்டங்கள் இருக்கின்றன. சேர்வராயன் மலை உச்சியில் கோவில் இருக்கிறது. பாதி நாளில் போய்ச் சேர்ந்து, மீதி நாளை நிம்மதியாகக் கழிக்கலாம்.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் தலை சுற்றுகிறவர்களுக்கு ஆகாது. தாங்குகிறவர்களுக்கு ஆகாய கங்கை அருவி காத்திருக்கிறது. ஆனால் அருவிக்கு நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி ஏற வேண்டும்.

நீண்ட விடுமுறை உள்ளவர்கள் மட்டும் ஊட்டியை நினைக்கலாம். அப்படிப் போனால் மேட்டுப்பாளையத்தில் இருந்து மலை ரெயிலில் போவது தனி இன்பம். 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய ரெயில் அது. 2005-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 46 கிலோமீட்டர் தூரம் ஏறுவதற்குள் சமவெளிப் புழுக்கம் மறைந்து, குளிர்காற்று முகத்தில் அடிக்கும். டிக்கெட்டை மிகவும் முன்கூட்டியே வாங்க வேண்டும்.

வாசலில் ஒரு காடு

தொலைவில் உள்ள மலையைத் தேடுகிறவர்கள் பக்கத்தில் உள்ள காட்டை மறந்துவிடுகிறார்கள். சிதம்பரத்தில் இருந்து சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது பிச்சாவரம்.

உப்பங்கழியில் வேர் ஊன்றி நிற்கும் சுரபுன்னை மரங்கள். அவற்றுக்கு நடுவே தண்ணீர்ச் சந்துகள். துடுப்புப் படகு உள்ளே நுழைந்தால் கிளைகள் தலைக்கு மேல் கூடாரம் போடும். 1975-ல் வந்த எம்.ஜி.ஆரின் "இதயக்கனி" படத்துக்காக இங்கே படப்பிடிப்பு நடந்தது. 2022-ம் ஆண்டில் இந்தச் சதுப்பு நிலம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல் அது.

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இந்தக் காட்டைச் சேர்ந்ததே. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கிளையை ஒடிக்கக் கூடாது!

மலைக்குளிர் இங்கே இல்லை. ஆனால் தை, மாசி மாதங்களில் விடியற்காலைப் படகுப் பயணம் உடம்புக்கும் மனதுக்கும் குளிர்ச்சி. வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கும் காலமும் அதுதான். பெருஞ்செலவு இல்லாமல் ஒரு முழு நாளை இங்கே கழிக்கலாம். மாலையில் கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குத் திரும்பிவிடலாம்.

யார் எங்கே போகலாம்?

கல்யாணத்துக்கே கடன் வாங்கிய குடும்பம், தேன்நிலவுக்கும் கடன் வாங்க வேண்டியது இல்லை. பிச்சாவரத்தில் ஒரு நாளும், ஏற்காட்டில் இரண்டு நாளும் போதும். ஊட்டி எங்கேயும் போய்விடாது. முதல் கல்யாண நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வசதியும் விடுமுறையும் உள்ளவர்கள், மாதம் பார்த்து, விதி கேட்டு, பஸ்ஸிலோ ரெயிலிலோ போகலாம். பிளாஸ்டிக் பாட்டில்களை மலைக்குக் கொண்டுபோக வேண்டாம். நீலகிரியில் அதற்குத் தடை இருக்கிறது.

ஐகோர்ட்டு உத்தரவைச் சிலர் தொல்லை என்று நினைக்கலாம். ஆனால் மலை குளிர்ச்சியாக இருப்பதால்தான் மக்கள் போகிறார்கள். காடும் தண்ணீரும் போய்விட்டால் அந்த மலைக்கு எதற்காகப் போவது? இன்று கல்யாணம் ஆனவர்களின் பிள்ளைகளுக்கும் ஒரு நாள் கல்யாணம் ஆகும். அவர்களும் "எங்கே போகலாம்?" என்று கேட்பார்கள். அப்போதும் ஊட்டி குளிர வேண்டும்!