விரலை விட்டுப் பாருங்கள்!

ஆர்க்கிட் என்றதும் கல்யாண ரிசப்ஷன் மேடையில் ஊதா நிறத்தில் செருகி வைத்திருப்பார்களே, அதுதான் நமக்கு ஞாபகம் வரும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், "அது மரத்துல தொத்திக்கிட்டு வளரும் ஸார்" என்பார்கள். முக்கால்வாசி சரி. உலகத்தில் சுமார் 28,000 வகை ஆர்க்கிட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை மரத்தின் மேல் ஓசிக் குடித்தனம். மீதி நம்மைப் போலத் தரையில் கால் ஊன்றிப் பிழைப்பவை.

இந்தக் குடும்பத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே தரை ஆசாமிகள்தான். மத்தியதரைக் கடல் பக்கத்து ஆர்க்கிட் சிலவற்றைப் பிடுங்கினால் அடியில் இரண்டு கிழங்குகள் ஜோடியாக இருக்கும். அதைப் பார்த்த கிரேக்கர்களுக்கு ஆண்களிடம் ஜோடியாக உள்ள ஒரு சமாசாரம் ஞாபகம் வந்தது. அதன் பெயரையே, 'ஆர்க்கிஸ்' என்று, செடிக்கு வைத்துவிட்டார்கள். மேனேஜர் மேடம் மேஜையில் ஆர்க்கிட் இருந்தால் இந்த விவரத்தைச் சொல்லி அசத்த வேண்டாம். இன்க்ரிமென்ட் போய்விடும்.

தரை ஆர்க்கிட்டுகளில் வீட்டுக்குள் வளர்க்கத் தோதானது ஜுவல் ஆர்க்கிட். முழுப் பெயர் லுடிசியா டிஸ்கலர். தென் சீனா, வியட்நாம், தாய்லாந்து, மலேசியா பக்கத்துக் காடுகளில், மரநிழலில், மக்கிய இலைகளின் மேல் படர்ந்து கிடக்கும். பூ சின்னது, வெள்ளை. ஆனால் இதைப் பூவுக்காக யாரும் வாங்குவதில்லை. இலை இருக்கிறதே, அரக்குப் பட்டில் செப்பு ஜரிகை ஓட்டின மாதிரி!

அப்படி ஒரு செடி வேளச்சேரி நண்பர் ஒருவரின் ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்தது. கொடுத்தது, அவருக்கு நிச்சயமான பெண். கோவையிலிருந்து தினம் சாயங்காலம் போன் வரும். "செடி எப்படி இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. "நீங்க சாப்பிட்டீங்களா?" எல்லாம் அப்புறம்தான். கல்யாணத்துக்கு நான்கு மாதம் இருக்கையில் செடி தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

"ஸார், தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்தறேன். அப்படியும் வாடுதே!"

"அதனாலதாங்க வாடுது."

நம்பவில்லை. 2015 டிசம்பரில் மொட்டை மாடியில் நின்று தன் தெருவில் படகு போவதைப் பார்த்தவர் அவர். தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும் என்று அவருக்கே பாடம் எடுக்க வேண்டி வந்தது.

வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களின் இடைவெளியில் காற்று இருக்க வேண்டும். அங்கே எந்நேரமும் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுத் திணறிச் செத்து, அழுக ஆரம்பிக்கும். செத்த வேர் தண்ணீரை உறிஞ்சாது. இலை வாடும். நாம் தாகம் என்று நினைத்து இன்னும் இரண்டு டம்ளர் ஊற்றுவோம். மிச்ச வேரும் காலி! கடனை அடைக்கக் கடன் வாங்குகிற கதை. மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடினால் கோளாறு வேரில்தான் என்று அர்த்தம்.

தொட்டியைக் கவிழ்த்தோம். தோட்டத்துக் களிமண், சேறாகி நாறியது. மூன்று தண்டுகளில் இரண்டு கொழகொழ. மூன்றாவதில் நான்கு இலைகளோடு ஒரு சாண் நீளம் மட்டும் கெட்டியாக இருந்தது. ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால், பழுப்பு நிறம் சுத்தமாக மறையும் வரை வெட்டினோம். வெட்டுவாய் உலர நிழலில் அரை நாள் வைத்தோம்.

புதுக் கலவை: தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, அடுப்புக்கரித் துண்டும் பெர்லைட்டும் சேர்த்து ஒரு பங்கு. மட்டையில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை ஊறவைத்து அலச வேண்டும். தொட்டி பெரிதாக இருக்கக் கூடாது. வேருக்குத் தேவையில்லாத இடத்தில் ஈரம் தங்கும். ஆழமில்லாத, அடியில் ஓட்டை உள்ள தொட்டி போதும். தண்டைப் புதைக்காமல் கலவையின் மேல் படுக்க வையுங்கள். கணுவிலிருந்து வேர் தானே இறங்கும். மேலே, ஓட்டை போட்ட பாலிதீன் பை ஒன்றைக் கூடாரம் மாதிரி கவிழ்த்தால் காற்றில் ஈரப்பதம் நிற்கும். கிழக்கு ஜன்னல், மெல்லிசுத் திரைக்குப் பின்னால். ஏ.சி. காற்று நேராகப் படக்கூடாது. புது இலை வரும்வரை உரம் கிடையாது. ஜுரக்காரனுக்குப் பிரியாணி எதற்கு?

தண்ணீர் எப்போது? ஆள்காட்டி விரலைக் கலவைக்குள் ஓர் அங்குலம் விடுங்கள். காய்ந்திருந்தால் ஊற்றலாம். ஈரம் ஒட்டினால் கையைக் கழுவிக்கொண்டு ஆபீஸ் போகலாம். உப்பு போர்வெல் தண்ணீர் வேண்டாம். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இருந்தால் உத்தமம்.

ஏழாவது வாரம் கணுவில் பட்டாணி அளவு ஒரு முளை. நண்பர் போட்டோ அனுப்பினார், எனக்கல்ல, கோவைக்கு. "நீங்க ஊத்தாம இருந்ததே பெரிய விஷயம்" என்று பதில் வந்ததாம். மாமியார் வீட்டில் அவருக்கு இப்போது நல்ல பெயர்.

கடைசியாக ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் தரை ஆர்க்கிட் நிறைய உண்டு. டிரெக்கிங் போகிற இடத்தில் பிடுங்கிப் பையில் போட்டு வராதீர்கள். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி. உள்ளே சாப்பாடு கிடையாது. மண்ணிலுள்ள ஒரு பூஞ்சை ஊட்டிவிட்டால்தான் காட்டில் அது முளைக்கும். நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர் 1899-ல் கண்டுபிடித்த உண்மை இது. வளர்ந்த பிறகும் அந்தக் கூட்டு தொடரும். கூட்டாளியை விட்டுவிட்டுச் செடியை மட்டும் கொண்டுவந்தால் பெரும்பாலும் பிழைக்காது. பார்க்க ஆசையா? ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. வளர்க்க ஆசையா? நர்சரியில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

ரசீதும் கேளுங்கள். பி.காம். படித்தவன் வேறென்ன சொல்வேன்?