சுங்கப் பலகையில் கணக்கையும் எழுதுங்கள்

மணலூர்பேட்டையிலிருந்து தியாகதுருகம் வந்து, நான்குவழிச் சாலையில் சேலம் பக்கம் திரும்புகிறவர்கள் மாடூர் சுங்கச்சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும். எந்த வண்டிக்கு எவ்வளவு என்று அங்கே பலகை உண்டு. சாலைக்குச் செலவானது எவ்வளவு, இதுவரை வசூலானது எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு என்பதையும் அதே பலகையில் தமிழில் எழுத வேண்டும். ஏன் என்பதற்கு ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிறுவனத்தின் வீழ்ச்சியே சாட்சி. 1987-ல் தொடங்கிய இந்தக் கட்டமைப்பு நிதி நிறுவனம், நம் மாநில அரசின் டிட்கோ நிறுவனத்துடன் கூட்டு சேர்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைச் சுங்கச் சாலையாக்கியது. அதன் துணை நிறுவனம் கட்டிய டெல்லி–நொய்டா பாலச்சாலை 2001-ல் திறக்கப்பட்டது. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 20 சதவீத வருவாய் என்றது ஒப்பந்தம். குறைந்தால் அந்தப் பாக்கியும் முதலோடு சேரும். நூறு ரூபாய் முதலுக்குச் செலவு போக 12 ரூபாய்தான் மிஞ்சியது என்று வையுங்கள். மீதி 8 ரூபாய் ஏறி, மறு ஆண்டு முதல் 108 ஆகிவிடும். வண்டிக்காரர் கட்டக் கட்டக் கடன் வளரும் கணக்கு இது. கந்துவட்டிக்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

தாய் நிறுவனமோ இருபது முப்பது ஆண்டுகளில் பணம் திரும்பும் சாலைகளுக்குக் குறுகிய காலக் கடன் வாங்கி, பழைய கடனைப் புதுக் கடனால் அடைத்தது. 2018 செப்டம்பரில் தவணைகள் தவறின. குழுமத்தின் கடன் 90,000 கோடி ரூபாய்க்கு மேல். அதுவரை உயர்ந்த தரச்சான்று பெற்றிருந்த கடன் பத்திரங்களில் தொழிலாளர்களின் சேமநல நிதியும் முடங்கியது. அக்டோபரில் மத்திய அரசு இயக்குநர் குழுவையே நீக்கியது. நிலம் எடுப்பதில் தாமதம், அரசுத் துறைகளின் பாக்கி என்று நிறுவனத்தின் தரப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் உண்மை உண்டு. ஆனால், கணக்கு வெளியே தெரிந்திருந்தால் அந்தச் சிக்கல்கள் இவ்வளவு காலம் மறைந்திருக்காது.

தனியார் முதலீடு இல்லாமல் இத்தனை சாலைகள் வந்திருக்குமா என்று கேட்கலாம். வந்திருக்காது. சுங்கமே கூடாது என்று நானும் சொல்லவில்லை. கணக்கு வணிக ரகசியம் என்பதைத்தான் ஏற்க முடியாது. அரசு நிலத்தில், அரசு தந்த உரிமையில், பொதுமக்களிடம் வசூலிக்கும் பணத்துக்கு ரகசியம் ஏது? டெல்லி–நொய்டா பாலச்சாலையின் சுங்கத்தை எதிர்த்து நொய்டா குடியிருப்போர் சங்கக் கூட்டமைப்பு 2012-ல் வழக்குத் தொடுத்தது. 2016-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. செலவும் லாபமும் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டன என்பதை ஊருக்குச் சொல்ல அங்கே ஒரு வழக்கு தேவைப்பட்டது. மாடூரில் ஒரு பலகை போதும்.