நிரந்தர வேலை என்றால் சோம்பேறியா?

அகவிலைப்படி உயர்வு அறிவித்தால் போதும், அதே பேச்சு கிளம்பிவிடுகிறது: வேலை போகாது, சம்பளம் நிற்காது, பிறகு அரசு ஊழியர் எதற்கு உழைப்பார்? இப்போதும் கிளம்பியிருக்கிறது. பயமும் பண ஆசையும் இல்லாவிட்டால் மனிதன் அசையமாட்டான் என்று புதுக்கோட்டைக்காரர்களே சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. 1991-ல் தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கம் இந்த மண்ணில்தானே நடந்தது? அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்றார். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஊதியம் வாங்காமல் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களோடு ஆசிரியர்களும் அரசு அலுவலர்களும் ஊர் ஊராகப் போனார்கள். கல்குவாரியில் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள், குவாரிக் குத்தகைக்கே உரிமை பெற்றார்கள். சைக்கிள் ஓட்டக் கற்றவர்கள், லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது நடுவில் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி, அந்தப் பாரில் பிள்ளையை உட்காரவைத்து மிதித்தார்கள். அந்த அலுவலர்களுக்கென்று தனிச் சம்பள விகிதமா வந்தது? நிரந்தர வேலையும் பணி விதிகளும் அதேதான். செய்யத் தகுந்த வேலை கையில் வந்தது, செய்தார்கள்.

நல்ல ஆட்சியர் வாய்த்தார், அவ்வளவுதான் என்பார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். அதே ஊழியர் ஒருவருக்குக் கீழ் ஓடி, இன்னொருவருக்குக் கீழ் தூங்கினால், குறை அவருடைய நிரந்தர வேலையிலா, நடத்துபவரிடமா? அறிவொளியின் வேகம் பின்னால் தணிந்ததற்கும் இதே கேள்விதான். லஞ்சத்தைக் காட்டுவார்கள். பட்டா மாறுதலுக்கு நடையாய் நடப்பவரின் கோபம் நியாயமானது. வாங்குபவரைப் பிடித்துத் தண்டிக்கட்டும். அதற்காக இரண்டு ஊர்ப் பதிவேடுகளைக் கூடுதல் பொறுப்பாகச் சுமக்கும் கிராம நிர்வாக அலுவலரையும் அதே கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

ஊழியர் சோம்பேறி என்ற நம்பிக்கையால் லாபம் அடைவது யார் என்றும் பார்க்க வேண்டும். ஊரே அதை ஒப்புக்கொண்டால், காலியிடத்தை நிரப்பாமல் விடலாம், தொகுப்பூதியத்தில் ஆள் எடுக்கலாம், துப்புரவுப் பணியை ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்துப்போட்டபோது சேற்று வயலில் இறங்கிக் கம்பம் நட்டவர்களில் நிரந்தர ஊழியரும் இருந்தார்கள், ஒப்பந்தத் தொழிலாளரும் இருந்தார்கள். நிரந்தரமானவர் அங்கே ஒதுங்கி நிற்கவில்லை. ஒப்பந்தத் தொழிலாளியோ அதே உயிராபத்தை ஏற்றும், பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.