வாக்களித்துச் சென்ற மான்

ஆண்டுதோறும் சிறுகதைப் போட்டிக்கு வரும் படைப்புகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எம் தலையில் விழுகின்றது. உண்மையைச் சொல்வதானால், அவற்றுள் பெரும்பாலானவற்றில் கதை இருப்பதில்லை, அறிவுரைதான் இருக்கின்றது. வானம் கறுத்திருக்கும், ஒருவன் தீயவழியிற் செல்வான், இறுதிப் பத்தியில் திருந்துவான். முடிவு அறிவித்த மறுநாள் பரிசு பெறாத மாணவர்கள் வந்து, "ஐயா, கதை எழுத எதைப் படிக்கலாம்? எதைப் பார்க்கலாம்?" என்று வினவுவர். அதே கிழமையில் சமுதாயப் பெரியவர் ஒருவர், "கதையும் தொலைக்காட்சியும் பிள்ளைகளைக் கெடுப்பன. அவற்றைக் கல்லூரியே சொல்லிக்கொடுக்கலாமா?" என்று கேட்டார். இருதரப்பாருக்கும் யாம் கூறும் விடை ஒன்றே. சீறாப்புராணத்தைத் திறந்து, மானுக்குப் பிணை நின்ற படலத்தைப் படியுங்கள்.

பாடநூலில் மனப்பாடப் பகுதியாகப் பயின்று மறந்த படலம்தான் அது. நுபுவ்வத்துக் காண்டத்தில் உமறுப் புலவர் அதை அமைத்திருக்கும் திறத்தை நோக்குங்கள். வேடன் ஒருவனின் பிடியில் பிணை மான். புலிக்கு அஞ்சி இனம் சிதறியதையும், பாலுக்கு ஏங்கும் தன் கன்றையும் அது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிடுகின்றது. பாலூட்டித் திரும்பிவரும் வரை அண்ணலார் பிணை நிற்கின்றார். காட்டுக்குள் போன விலங்கு மீண்டும் வருவதுண்டோ என வேடன் நகைக்கின்றான். இந்த ஐயுறவாளன் இல்லையேல் கதையே இல்லை. வாக்குறுதியின் எடையை நாம் உணர்வது அவனது நகைப்பினால்தான். அடுத்துப் புலவர் நம்மைக் காட்டுக்குள் அழைத்துச் செல்கின்றார். 'போகாதே' என்று இனம் தடுக்கின்றது. பிணை நின்றவரை எண்ணி மான் திரும்புகின்றது, கன்றும் உடன் வருகின்றது. இத்தனைக்கும் இடையில் புலவர் ஓரிடத்திலும் 'வாய்மை உயர்ந்தது' என்று நமக்குப் பாடம் நடத்தவில்லை.

இதே முடிச்சு மற்றொரு பெருநூலிலும் உண்டு. கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் இயற்றிய ஆமுக்த மால்யதா, திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையைப் பாடுவது. அதைத் தமிழாக்கியவர் நம் இராசபாளையத்து அறிஞர் மு. கு. ஜகந்நாத ராஜா. அம்மொழிபெயர்ப்புக்குச் சாகித்திய அகாதெமியின் 1989ஆம் ஆண்டு மொழிபெயர்ப்புப் பரிசும் கிடைத்தது. அந்நூலினுள் கிளைக்கதையாக வருவது மாலதாசரி வரலாறு. இறைவனைப் பாடச் செல்லும் தாசரியைப் பிரம்மராட்சசன் ஒருவன் பிடித்துக்கொள்கின்றான். 'பாடிவிட்டு வந்துவிடுகிறேன், பிறகு உண்' என்று தாசரி ஆணையிடுகின்றான். அரக்கன் நம்ப மறுக்கின்றான். இறுதியில் விடுகின்றான், தாசரியும் சொன்னபடியே திரும்புகின்றான். திருக்குறுங்குடியில் நம்பாடுவான் கதையாக, கைசிக நாடகமாக நடிக்கப்படுவதும் இதுவே. எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவரும், விசயநகரத்து மன்னரும் ஒரே கதைமுடிச்சைக் கையாண்டிருக்கின்றனர். முடிச்சு எவருக்கும் உடைமையன்று. அதனை அவிழ்க்கும் கைதான் வேறுபடுகின்றது. இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் பேருந்தில் போகும் நேரத்தில் இரண்டு கதைகளையும் சொல்லி முடித்துவிடலாம். யாம் மாணவர் சிலரிடம் சொல்லியும் பார்த்திருக்கின்றோம். முன்னிருக்கையில் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர் இறங்கும் இடம் வந்தும், "மான் வந்துச்சா இல்லையா? அதச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டே இறங்கினார்.

எமக்கு மான் கதையை முதலிற் சொன்னவர் எம் நன்னி. அவருக்கு எழுத்து தெரியாது. உமறுப் புலவரின் பெயரை அறிந்திருந்தாரா என்பதும் ஐயமே. மான் காட்டுக்குள் ஓடியவுடன் கதையை நிறுத்திவிட்டு, அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவார். போர்வைக்குள் நாங்கள் காத்துக்கிடப்போம். அவர் யூசுப் நபி கிஸ்ஸாவையும் இன்னும் பல கிஸ்ஸாக்களையும் அறிந்தவர். இலக்கியத்தில் ஆய்வுப்பட்டம் பெற்ற யாம் அவற்றுள் ஒன்றையேனும் எழுதிவைக்கவில்லை. எழுதத்தக்கவை என்றே அன்று தோன்றவில்லை.

இனி, அக்காலத்தில் யாம் செய்த மற்றொரு பிழை. பால்கோவா கிண்டும் குடும்பத்திலிருந்து திருவில்லிபுத்தூர் மாணவர் ஒருவர் வந்தார். விறகடுப்பின் முன் பால் சுண்டும் வரை தன் அப்பத்தா பேசும் பேச்சை அவர் வாயாற் சொன்னால் வகுப்பே சிரிக்கும், பிறகு அமைதியாகும். அதையே எழுதித் தந்தபோது வட்டாரச் சொற்கள் அனைத்தையும் சிவப்பு மையினால் அடித்துச் செந்தமிழாக்கித் தந்தோம். திருத்திய பின்னர் அக்கதையில் அப்பத்தா இல்லை. கி. ராஜநாராயணனை முறையாகப் படித்த பின்னரே எம் தவறு விளங்கியது. இடைசெவல் கரிசலின் பேச்சுமொழிக்கே 1982இல் சொல்லகராதி தந்தவர் அவர். கல்லூரிப் படிப்பில்லாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அமர்த்தியது. அவரது 'கதவு' சிறுகதையைப் படியுங்கள். குழந்தைகள் ஏறி விளையாடும் வீட்டுக் கதவை வரி பாக்கிக்காகக் கழற்றிச் செல்கின்றனர். வறுமையின் துயர் முழுவதும் அந்த ஒரு கதவிலேயே ஏற்றப்பட்டிருக்கின்றது. 'ஐயோ பாவம்' என்னும் குரலை ஆசிரியர் எழுப்பவே இல்லை.

தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை'யையும் சேர்த்துக்கொள்ளலாம். நம் வீட்டுக் குறையை ஊரறியச் சொல்வதா எனச் சிலர் முகஞ்சுளிப்பர். முதலாளியின் செருக்கை அத்துணை நுணுக்கமாக எழுத அவ்வூரை நேசித்தவரால்தான் இயலும் என்பது எம் கருத்து.

தொலைக்காட்சிக்கு வருவோம். ஆர். கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் இயக்கிய 'மால்குடி நாட்கள்' 1986இல் தொடங்கித் தூர்தர்ஷனில் வந்தது. இந்தி அறியாத நம்மவரும் அதனைப் பார்த்துப் புரிந்துகொண்டனர். முகமும் தெருவும் கதையைச் சொல்லிவிட்டன. அதன்பின் எம் நெஞ்சில் நின்றது, பாலு மகேந்திரா சன் தொலைக்காட்சிக்காக உருவாக்கிய 'கதை நேரம்'. சிறுகதைகள் 52, ஒவ்வொன்றும் அரைமணிக்குள் முடிவன. அவற்றுட் பல இணையத்தில் இன்றும் காணக்கிடைக்கின்றன. முதலில் மூலக்கதையைப் படியுங்கள், பின்னர்ப் படத்தைப் பாருங்கள், அவர் எதை விட்டுவிட்டார் என்று எழுதுங்கள். எதைச் சேர்த்தார் என்பது அவ்வளவு முக்கியமன்று. இப்பயிற்சியை வகுப்பில் ஈராண்டுகளாகச் செய்துவருகின்றோம். பத்து இலக்கண விதிகள் கற்பிக்காததை அது கற்பிக்கின்றது.

மாலைநேர நெடுந்தொடர்களை யாம் பரிந்துரைக்காததற்குக் காரணம் ஒழுக்கக்கேடு அன்று, பெரியவர்கள் பொறுத்தருள்க. அங்கே மான் திரும்பி வருவதே இல்லை. வந்துவிட்டால் நாளை ஒளிபரப்ப ஒன்றுமில்லை என்பதால், காட்டில் அதற்கு மேலும் மூன்று புலிகளை ஏவிவிடுகின்றனர். காத்திருக்கச் செய்வதும் இழுத்தடிப்பதும் ஒன்றல்ல. எம் நன்னி அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்.

சென்ற விடுமுறையில் மாணவர்களிடம் ஒரு வேலை ஒப்படைத்தோம். வீட்டிலுள்ள மூத்தோர் ஒருவரின் கதையைக் கைப்பேசியில் பதிந்து, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதிவர வேண்டும். இதுவரை வந்து சேர்ந்தவை பதினேழு. கிஸ்ஸா அறிந்த பெண்மணிகள் நம் தெருக்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர், எல்லாரும் எண்பதைக் கடந்தவர்கள். ஒரு மாணவி கொணர்ந்த பதிவில் ஒரு பாட்டியார், யூசுபைக் கிணற்றில் இறக்கிய இடத்தில் நிறுத்திவிட்டு வெற்றிலை இடிக்கின்றார். இடிக்கும் ஒலி இரண்டு நிமிடம் கேட்கின்றது. "அதை நீக்கிவிடட்டுமா ஐயா?" என்று அம்மாணவி கேட்டார். வேண்டாம் என்றோம்.