நூலக வரி உண்டு, நூலகம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வயது வந்தோருக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022-இல் தொடங்கியது. 2026-27 நிதியாண்டோடு அதன் காலம் முடிகிறது. எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கை அதிகாரிகள் பெருமையோடு சொல்கிறார்கள். தேறியவர்கள் அதற்கப்புறம் எதைப் படித்தார்கள், எங்கே உட்கார்ந்து படித்தார்கள் என்ற கணக்கு மட்டும் யாரிடமும் இல்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஏட்டில் இந்தத் திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. அதற்கு ஐந்து அங்கங்கள்: அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும், வாழ்க்கைத் திறன்கள், தொழில் திறன்கள், பள்ளி வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வி, தொடர்கல்வி. ஒரத்தநாடு பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது முதல் அங்கம் மட்டுமே. அரசுப் பள்ளி வகுப்பறையில் சாயங்காலப் பாடம் நடந்தது. முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படிக்க 50, எழுத 50, கணக்குக்கு 50 என்று 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு வைத்தார்கள். பிறகு ஒரு சான்றிதழ். அதோடு சரி. மற்ற நான்கு அங்கங்களும் எந்த மடையில் அடைபட்டு நிற்கின்றன?

இதனால் என்ன குடி முழுகிவிட்டது என்று சிலர் கேட்கலாம். நான் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பயிர்க்கடன், நகைக்கடன் என்று நான் ரேகை வாங்கிய காகிதங்கள் ஏராளம். கையெழுத்துப் போடக் கற்றவர்களெல்லாம் படிக்கக் கற்றவர்கள் இல்லை என்பது அந்த மேசையில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். பெயரை மணிமணியாக எழுதுவார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "நீங்க காட்டுன எடத்துல போட்டேன் சார்" என்பார். ரேகை வைப்பவருக்காவது யாராவது வாசித்துச் சொல்வார்கள். கையெழுத்துப் போடுபவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து ஒருவரும் வாய் திறப்பதில்லை. வாசலுக்கே வந்து குழுக்கடன் கொடுக்கும் தனியார் நிறுவனங்களின் காகிதங்களில் எங்கள் ஊர்ப் பெண்கள் இன்று போடும் கையெழுத்து பெரும்பாலும் இந்த வகைதான்.

நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று குவியலைத் திருப்பினால், கருவியில் தெரியும் எண்ணை விவசாயி தானே பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். பயிர்க் காப்பீட்டு ரசீதில் எந்த வருவாய்க் கிராமம், எத்தனை ஏக்கர் என்று பதிவாகியிருக்கிறது என்பதைக் கணினி மையத்தை விட்டு வெளியே வருவதற்குள் படித்துப் பார்க்க முடிய வேண்டும். 200 மணி நேர அரிச்சுவடிப் பாடத்தில் அந்தத் துணிச்சல் வந்துவிடாது. பழகப் பழகத்தான் வரும். அப்படிப் பழக ஓர் இடம் வேண்டும், படிக்க ஏதாவது வேண்டும், சந்தேகம் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

இடம் இருக்கத்தான் இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது. 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு நூலகம் என்று ஒன்று வந்தது. எங்கள் ஊராட்சிக்கும் வந்தது. இப்போது அதற்குள் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் பழுதான தெருவிளக்குகளும் கிடக்கின்றன. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார். ஆனால் வீட்டுவரியோடு நூலக வரி மட்டும் தவறாமல் வசூலாகிறது. ரூபாய்க்குப் பத்துக் காசு. உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்க வேண்டிய பணம் அது. எழுதப் படிக்கத் தெரியாதவர் வீட்டுக்கும் அந்த வரி உண்டு.

இந்த வரிக்கு வழிசெய்த பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதற்காகப் பாடுபட்ட எஸ்.ஆர்.ரங்கநாதன் பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் சீர்காழியில் பிறந்தவர். சட்டத்துக்கும் முன்னால், 1931-லேயே, மன்னார்குடி மேலவாசலில் எஸ்.வி.கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். வண்டி கட்டி வாசகரைத் தேடிப்போன ஜில்லா இது. இன்று வாசகர் தேடி வந்தாலும் கதவைத் திறக்க ஆளில்லை.

1991-92-இல் பக்கத்துப் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது நான் கந்தர்வகோட்டைப் பக்கம் வேலையில் இருந்தேன். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலாராணி சுங்கத்தும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் எழுத்தைத் தனியே கற்பிக்கவில்லை. பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரியில் கூலிக்கு உடைத்த பெண்களுக்குக் குவாரியே குத்தகைக்குக் கிடைத்தது. கணக்கைத் தாங்களே பார்க்க வேண்டிய நிலை வந்ததும் எழுத்துக்கு அவசியம் வந்தது. இயக்கத்தின் வேகம் அடங்கிய பிறகு வளர்கல்வி மையங்கள் வந்தன. அவையும் காலப்போக்கில் மூடப்பட்டன.

2009-இல் வந்த சாக்ஷர் பாரத் திட்டம், வயது வந்த பெண்களில் பாதிப் பேருக்கு மேல் எழுத்தறியாத மாவட்டங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. தஞ்சாவூர் அந்தப் பட்டியலில் இல்லை. படித்தவர்கள் அதிகம் என்பதற்காகவே இங்கே படிக்காதவர்கள் விடுபட்டுப் போனார்கள். 2011 கணக்கெடுப்பின்படி எங்கள் மாவட்டத்தில் எழுத்தறிவு ஏறக்குறைய 83 சதவீதம். ஏழு வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேர் மீதி. மாநில அளவில் ஆண்களில் 86.77 சதவீதம் பேரும் பெண்களில் 73.44 சதவீதம் பேரும் எழுத்தறிந்தவர்கள் என்றால், அந்த மீதியில் யார் அதிகம் என்று சொல்லத் தேவையில்லை.

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்குப் பணம் இல்லையா என்றால், ஒதுக்கியதே இவ்வளவுதான். ஐந்தாண்டுகளில் 5 கோடிப் பேருக்கு மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து 1,037.90 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 208 ரூபாய்கூட வரவில்லை. ஒரு நடவு ஆளின் ஒருநாள் கூலிக்குக் காணாத பணம் இது. பாடம் நடத்தும் தன்னார்வலர்களுக்கு ஊதியமே கிடையாது. பட்டம் முடித்த பிள்ளைகள் கொஞ்சநாள் ஆசையாக வருகிறார்கள். திருப்பூரிலோ சென்னையிலோ வேலை கிடைத்ததும் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

காலமும் பொருந்தவில்லை. சம்பா நடவும் களையெடுப்பும் ஐப்பசி மழையும் ஒன்றாகச் சேரும் நாளில், பகலெல்லாம் சேற்றில் குனிந்து நின்ற பெண்ணைச் சாயங்காலம் பள்ளிக்கு வா என்றால் எப்படி வருவார்? வந்தாலும் தூங்கித்தான் விழுவார்.

கேரளத்தைப் பார்க்கிறோம். 2018-இல் 96 வயதான கார்த்தியாயினி அம்மா எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கியது நம் பத்திரிகைகளிலும் வந்தது. நாம் அவர் வயதைப் பார்த்து வியந்ததோடு நிறுத்திக்கொண்டோம். அங்கே எழுத்தறிவுத் தேர்வுக்கு மேல் நாலாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, மேல்நிலை என்று இணைப் படிப்புகள் படிப்படியாக இருக்கின்றன. இங்கேயும் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வழி உண்டு. அந்தச் செய்தியைச் சான்றிதழோடு சேர்த்துச் சொல்லவும், விண்ணப்பம் எழுதித் தரவும், அதுவரை பாடம் நடத்தவும் ஓர் ஏற்பாடு வேண்டாமா?

எனவே பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககத்துக்கும், பொது நூலகத் துறைக்கும், தஞ்சாவூர் மாவட்ட நிர்வாகத்துக்கும் உங்கள் வாயிலாக நான் வைக்கும் கோரிக்கைகள் இவை:

ஊராட்சி நூலகங்களைச் சாயங்காலம் 6 முதல் 8 மணி வரை திறந்து வையுங்கள். உள்ளூர் மகளிர் குழுவில் படித்த ஒருவரை அங்கே பொறுப்பாளராக்கி, மாதாமாதம் கௌரவமான ஊதியம் கொடுங்கள்.

வகுப்புகளை மாசி முதல் வைகாசி வரை நடத்துங்கள். சம்பா, தாளடி அறுப்பு முடிந்து குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை இங்கே ஆட்களுக்குச் சற்று ஓய்வு உண்டு. உளுந்து, பயறு அறுக்கும் வாரத்தை விட்டுவிடுவதை ஊராரே பேசி முடிவு செய்யட்டும்.

பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறு நூல்கள் கொடுங்கள். கதையும் பாட்டும் இருக்கட்டும். கூடவே சிட்டா, நகைக்கடன் சீட்டு, கொள்முதல் ரசீது, மருந்துச் சீட்டு ஆகியவற்றின் மாதிரிகளும் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் ஒவ்வொரு ஊராட்சியும் நூலக வரியாக எவ்வளவு வசூலித்தது, எவ்வளவை ஆணைக்குழுவிடம் செலுத்தியது, அதில் எவ்வளவு அந்த ஊருக்குத் திரும்பி வந்தது என்று வாசித்துக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கைப் பலகையில் எழுதியும் மாட்ட வேண்டும். சான்றிதழ் வாங்கியவர்கள் அதைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கப் பணியாளர் ஒருவர்,
ஒரத்தநாடு வட்டம்,
தஞ்சாவூர் மாவட்டம்.