51 கிளிகளை மீட்டது நியூசிலாந்து... கோலா விஷயத்தில் சிக்கல் எங்கே?

ஒன்று, பறக்கத் தெரியாத கிளி. இன்னொன்று, கரடி என்று தப்பாகப் பெயர் வாங்கிய, குட்டியைப் பையில் சுமக்கும் மரவாசி. நியூசிலாந்தின் ககாபோவும் ஆஸ்திரேலியாவின் கோலாவும் இரவில் நடமாடுபவை, தாவர உணவை மட்டுமே நம்பியிருப்பவை. ரெண்டுமே அழிவின் விளிம்பைப் பார்த்தவை. ஆனால் ரெண்டுக்கும் எதிரி ஒன்றல்ல.

ககாபோவைத் தின்று தீர்த்தவை பூனை, எலி, கீரி மாதிரியான ஸ்டோட். எல்லாம் மனிதர்கள் கப்பலில் கொண்டுவந்தவை. 1995-ல் உலகிலேயே மிச்சமிருந்தது 51 ககாபோதான். அவற்றை எதிரிகள் இல்லாத தீவுகளில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டி, ரேடியோ கருவி மாட்டிக் காவல் காத்தார்கள். ரிமு மரம் நன்றாகக் காய்க்கும் வருஷத்தில்தான் அது முட்டையே இடும். அதற்கும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். இன்று 200-ஐத் தாண்டிவிட்டது.

கோலா எண்ணிக்கையில் ககாபோவைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் பாதுகாப்பாக இருக்கிறதா? இல்லை. அதன் பெரிய எதிரி, காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாகவும் வீட்டு மனையாகவும் மாற்றும் புல்டோசர். மரம் போனால் கோலா தரையில் இறங்கி நடக்கிறது. அங்கே நாயும் காரும் காத்திருக்கின்றன. நோயும் காட்டுத்தீயும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. நியூ சவுத் வேல்ஸில் 2050-க்குள் கோலா அழிந்துவிடலாம் என்று 2020-ல் அந்த மாநில நாடாளுமன்றக் குழுவே எச்சரித்தது. 2022-ல் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகரப் பகுதிக் கோலாக்கள் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டன.

எலியையும் ஸ்டோட்டையும் விரட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. நிலத்தை விட்டுக்கொடுத்தால் பண்ணைக்காரருக்கும் கட்டுமானத் துறைக்கும் மரம் வெட்டும் தொழிலாளிக்கும் நஷ்டம். கோலாவுக்கு ஆஸ்பத்திரி கட்டும் பணமும் பாசமும் இருந்தும் காடு சுருங்குவது இதனால்தான். காயம் ஆறிய கோலா திரும்பிப் போக மரம் வேண்டுமே!

ககாபோவும் இப்போது அதே கேள்வியில்தான் வந்து நிற்கிறது. தீவுகளில் இடம் போதவில்லை. 2023-ல் சில ஆண் பறவைகளை, 47 கிலோமீட்டர் வேலி போட்ட பெருநிலக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். சில பறவைகள் வேலியைத் தாண்டிவிட்டன.

நியூ சவுத் வேல்ஸ் அரசு 2025-ல் பெரிய கோலா தேசியப் பூங்காவை அறிவித்து, அங்கே மரம் வெட்டுவதை நிறுத்தியது சரியான திசை. அதனால் வேலை இழப்பவருக்கு வழி செய்வதும் கோலாவைக் காப்பாற்றும் செலவில் சேர்த்திதான். அதைக் கொடுக்காமல் போஸ்டரில் கோலாவைக் கொஞ்சுவதில் அர்த்தமில்லை.